கணுக்கால் நீங்கலாக அனைவரும் நலம்

சேசு மரி சூசை துணை

காரைக்கால்,
18-10-1982, திங்கட்கிழமை

மகா கனம் பொருந்திய மைத்துனர் திரு. சூசைராஜ் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சலோமியின் கணவனும் தங்கள் நன்மையையே நாடுபவனுமாகிய மரியமுத்து தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. இவ்விடம் தேவமாதாவின் கிருபையால் நானும் தங்கள் தங்கையும் நம் மகன் பெலிக்ஸின் இடது காலும் நலம். அவனுடைய வலது கணுக்கால் நலமில்லை. அவ்விடம் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் தலை முதல் கால் வரை குறைவில்லாமல் இருக்கத் தினமும் ஜெபமாலையில் ஒரு மணி கூடுதலாகச் சொல்லி வருகிறோம்.

தாங்கள் சலோமிக்குச் சீதனமாகக் கொடுத்த கோட்டுச்சேரி நிலத்தில் குறுவை அறுத்தாகிவிட்டது. அறுக்கிற அன்றே மழை பிடித்துக்கொண்டு நெல் முழுக்க நனைந்துதான் வீடு வந்து சேர்ந்தது. நம் வாசலில் ஒரு பாய் விரிக்கக்கூட இடம் இல்லாதது தங்களுக்குத் தெரியும். மூட்டைக்குள்ளேயே முளை விட்டுவிடுமே என்று நான் தவித்துக்கொண்டிருந்தபோது வண்டிக்காரன் கருப்பையன்தான், "கவலப்படாதீங்கய்யா, எனக்கு நல்ல எடம் ஒண்ணு தெரியும்" என்று ஏற்றிக்கொண்டு போய், வெயில் கண்ட இரண்டு நாளுக்குள் மொறுமொறுவென்று காயவைத்துக் கொண்டுவந்து இறக்கினான். எந்த இடம் என்று நான் கேட்கவில்லை. இந்தக் காரைக்காலில் நான் சந்தேகப்படாத ஒரே ஆள் கருப்பையன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதற்கு மேல் தனியாக உட்கார்ந்து படிக்கவும். தங்கள் இலாகா பாஸ்கெட்பால் டீமுக்கு ஒரு பையனை வேலையில் எடுக்கப்போகிறார்கள் என்றும், தாங்கள் சொன்ன ஒரே சொல்லுக்காகத் தங்கள் ஆபீசர் வருகிற ஞாயிற்றுக்கிழமை இங்கே பைனல் மேட்ச் பார்க்க நேரில் வருகிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அந்தக் கடிதம் வந்த நாளிலிருந்து சலோமி பெலிக்ஸுக்குத் தினமும் இரண்டு முட்டை வைத்தாள். பி.காம். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் கடற்கரையில் மணலை எண்ணிக்கொண்டிருக்கும் பையன்கள் எத்தனை பேர் என்று இந்த ஊரில் இருப்பவனுக்குத்தான் தெரியும். இருப்பதோ ஒரே ஓர் இடம். அது நம் பெலிக்ஸுக்குத்தான் என்று நான் உறுதியாக இருந்தபோது, போன திங்கட்கிழமை சாயங்காலம், காலேஜ் கோர்ட்டில் பயிற்சியின்போது, போர்டில் பட்டுத் திரும்பிய பந்தைப் பிடிக்க எம்பியவன் தரையில் கால் வைத்ததும் சர்ரென்று வழுக்கி விழுந்திருக்கிறான். எலும்பு முறியவில்லை, சவ்வு பிசகியிருக்கிறது என்கிறார் கட்டுப் போடுகிற முகம்மது இப்ராஹிம் வைத்தியர். அவர்கூட, கண்ணெதிரே ஒரு கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கும்போது, "எந்தக் காலுங்க?" என்று கேட்டார். ஏன் கேட்டார் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

முனிசிபல் ஆபீசில் பிறப்பு இறப்புப் பதிவு பார்த்தே தலை நரைத்தவன் நான். பிறந்த தேதியை ஒருவனும் உள்ளபடி சொன்னதில்லை, செத்த காரணத்தை ஒருவனும் முழுசாகச் சொன்னதில்லை. ஆகவே பையன் விழுந்தான் என்றதும் எல்லாரும் பையனைப் பார்க்க ஓடினார்கள், நான் தரையைப் பார்க்க ஓடினேன். பாஸ்கெட்பால் கோர்ட் சிமெண்ட் தரை. கண்ணாடி மாதிரி இருக்கும். அதில் ரிங்குக்கு நேர் கீழே, விரிசல் ஓரத்தில், என்ன கிடந்தது தெரியுமா மச்சான்? நெல். ஒரு கைப்பிடி இருக்கும். நான் அதைப் பொறுக்கி ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு பத்திரப்படுத்தியிருக்கிறேன். காலேஜில் நெல்லுக்கு என்ன வேலை? வாட்ச்மேனைக் கேட்டேன். "குருவி கொண்டாந்து போட்டிருக்கும் சார்" என்கிறான். ஒரு கைப்பிடி நெல்லைத் தூக்குகிற குருவியை நான் இந்த ஊரில் பார்த்ததில்லை. தவிர, அதைச் சொல்லும்போது அவன் என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பைப் பார்த்தான்.

நெல்லைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரே ரகமாக இல்லை. வெள்ளை உமிக்கு நடுவே கறுப்பு உமி, நீளத்துக்கு நடுவே குட்டை, பாதிக்கு மேல் அரிசி பிடிக்காத கருக்காய். இப்படிக் கலப்பட விதையை வாங்கி விதைத்தவன் எவனோ, அவன் புத்தியும் அந்த மாதிரிதான் இருக்கும். நல்ல விவசாயி வீட்டு மாடுகூட இதைத் தின்னாது. பெலிக்ஸிடம் தீப்பெட்டியைத் திறந்து காட்டினேன். ஒரு பார்வை பார்த்தான். "விடுங்கப்பா, நான்தான் கீழ பாக்காம குதிச்சேன்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். பையனை யாரோ மிரட்டி வைத்திருக்கிறார்கள் என்று அப்போதே எனக்குப் பட்டது.

முதலில் என் சந்தேகம் பி.டி. மாஸ்டர் தெட்சிணாமூர்த்தி மேல்தான் விழுந்தது. பையன் விழுந்த சற்று நேரத்துக்கெல்லாம் மாஸ்டர் ஒரு வாளி ஐஸோடு நின்றாராம். ஐஸ் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தது? அதிலும் அது மீன் ஐஸ். பெலிக்ஸின் காலில் இரண்டு நாள் கவிச்சை வீச்சம், தெருப்பூனை ஒன்று அவன் கட்டிலடியை விட்டு நகரவில்லை. மாஸ்டரோ சுத்த சைவம், முட்டை உடைத்த வீட்டில் தண்ணீர் குடிக்கமாட்டார். சைவர் கையில் மீன் ஐஸ் ஏன் என்று நேரிலேயே கேட்டுவிட்டேன். "கருக்களாச்சேரி மீன் வண்டி வாசப் பக்கமா போச்சுங்க. நிறுத்தி வாங்குனேன். அப்ப எது கெடைச்சாலும் வச்சிருப்பேங்க" என்றார். சரி. ஆனால் அந்த நேரத்தில் மீன் வண்டிக்குக் காலேஜ் வாசலில் என்ன ஜோலி? மீன்காரரையும் தேடிப் பிடித்து விசாரித்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வேண்டுமென்றால் சங்கரா இருக்கிறது என்றார்.

மாஸ்டரை விட்டு என் சந்தேகம் நகர்ந்ததற்குக் காரணம் சுவாமிநாதன். இவன் திருநள்ளாறு பக்கத்துக் கிராமத்துப் பையன், பனைமரத்தில் பாதி உயரம், மூன்று வருஷமாக டீமில் பெஞ்சு தேய்த்துக்கொண்டிருந்தவன். பெலிக்ஸ் விழுந்தால் இவன்தான் இறங்க வேண்டும். விவசாயக் குடும்பம். நெல் விளைகிற வீடு. தீப்பெட்டிக்கும் இவனுக்கும் நான் முடிச்சுப் போட்டதில் தவறுண்டா என்று தாங்களே சொல்லுங்கள். பெலிக்ஸ் விழுந்த மறுநாளிலிருந்து இவன் தினமும் நம் வீட்டுக்கு வருகிறான். ஒரு நாள் வாழைத்தார், ஒரு நாள் இளநீர், ஒரு நாள் அவன் அம்மா கொடுத்தனுப்பிய நல்லெண்ணெய். கட்டிலருகே உட்கார்ந்து காலையே பார்க்கிறான். "வலி கொறஞ்சிருக்காடா? எப்ப எந்திரிப்ப? ஞாயித்துக்கெழமைக்குள்ள எந்திரிச்சிடுவல்ல?" என்று அதையே திருப்பித் திருப்பிக் கேட்கிறான். எத்தனை நாள் அவகாசம் இருக்கிறது என்று எதிரி கணக்குப் போடுகிறான், நம் பையனோ சிரித்துக்கொண்டு வாழைப்பழம் தின்கிறான். புதன்கிழமை கதவுக்குப் பின்னால் நின்று நான் கேட்ட கேள்விதான் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. "டேய், நீ எத்தன மணிக்குப் பொறந்த? எங்க அம்மா கேட்டாங்க." பெலிக்ஸ் உடனே, "அம்மா, நான் எத்தன மணிக்குப் பொறந்தேன்?" என்று சமையலறைக்குக் குரல் கொடுக்கிறான். சலோமியும் கரண்டியைக் கையில் பிடித்தபடி வந்து, "வெடியக்காலம், கோயில் மணி அடிச்ச பெறகு" என்று ஒப்பிக்கிறாள். பிறப்புப் பதிவு பார்த்தவன் வீட்டிலேயே இப்படிப் பிறந்த நேரம் வெளியே போகிறது.

வெள்ளிக்கிழமை செமி பைனல். மாயவரத்து டீம் வந்திருந்தது. பெலிக்ஸைக் கைத்தாங்கலாக அழைத்துப் போய் ஓரத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்தேன். மச்சான், நம் டீமுக்குத் தெரிந்த ஆட்டம் ஒன்றே ஒன்றுதான், பந்து கிடைத்தால் பெலிக்ஸிடம் கொடு என்பதுதான் அது. மூன்று வருஷமாக அதையே செய்தவர்கள் அன்றைக்கும் அதையே செய்தார்கள். ரிங்குக்கு இடது பக்கம் பெலிக்ஸ் வழக்கமாக நிற்கிற இடத்துக்குப் பந்தை வீசுவார்கள், அங்கே ஆள் இருக்காது, பந்து நேரே போய் டீக்கடை பாய்லரில் இடிக்கும். கடைசியில் டீக்கடைக்காரரே ஒரு பையனைப் பந்து பிடிக்க நிறுத்திவிட்டார். மாஸ்டர் தொண்டை கிழியக் கத்தி சுவாமிநாதனை அந்த இடத்தில் போய் நிற்கச் சொன்னார். அவனோ ஆட்டம் தொடங்குமுன்பே வேப்பமரத்துக்குப் பின்னால் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தவன். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள், இவனுக்கு வயிற்றையே புரட்டியிருக்கிறது என்று நான் குறித்துக்கொண்டேன். கடைசி நிமிஷத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்போது மாயவரத்துப் பையன் ஒருவன் இவனை இடித்துத் தள்ளினான். இரண்டு ப்ரீ த்ரோ கொடுத்தார்கள். முதல் பந்து போர்டில்கூடப் படவில்லை. அப்போது நம் பெலிக்ஸ் நாற்காலியிலிருந்து, "கண்ண மூடிக்கிட்டுப் போடுடா சாமிநாதா, வீட்டுக் கொல்லையில போடுற மாதிரி" என்று கத்தினான். அவனும் மூடிக்கொண்டு போட்டான். விழுந்துவிட்டது. ஊரே துள்ளிக் குதித்தது. நம் பையன் ஒற்றைக் காலில் எழுந்து நின்று கைதட்டினான். தன் வேலைக்கு உலை வைக்கிறவனுக்குத் தானே கைதட்டுகிற பிள்ளையைப் பார்த்தபோது, இவனுக்கு அந்த நல்லெண்ணெயில் ஏதோ கலந்து கொடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது.

அன்று சாயங்காலமே சலோமி வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுக் கால் செய்து வைப்பதாக நேர்ந்துகொண்டாள். கடையில் போய் வலது கால்தானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கடைக்காரம்மா, "கால்னா கால்தாங்க, மாதாவுக்குத் தெரியாதா" என்றது. ஒரு கால் வாங்குகிற இடத்தில்கூட நம்பி வாங்க முடியாத காலமாகப் போய்விட்டது.

சனிக்கிழமை நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் உச்சம். சுவாமிநாதனின் அம்மா நீலாயதாட்சி சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு கோயிலுக்குப் போகும் என்று பெலிக்ஸ் வாயிலிருந்தே வந்தது. சனீஸ்வரனிடம் அந்த அம்மாளுக்கு என்ன வேண்டுதல் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். மச்சான், ஞானஸ்நானம் பெற்றவன் நான், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு, எள் விளக்கு ஏற்றுகிற கூட்டத்துக்கு நடுவே ஒரு தூணுக்குப் பின்னால் நின்றேன். பிள்ளைக்காகத் தகப்பன் எங்கும் நிற்பான். அந்த அம்மாள் அர்ச்சனைத் தட்டை நீட்டியது. குருக்கள் பேர் கேட்டார். "பெலிக்ஸ்ங்க." "என்ன பேரும்மா?" "பெலிக்ஸ்ங்க சாமி. நல்ல புள்ளைங்க." "நட்சத்திரம்?" "சுவாதிங்க. வெடியக்காலத்துல பொறந்தது." "கோத்திரம்?" "அவங்க வேதக்காரங்க சாமி." குருக்கள் தட்டிலிருந்த தேங்காயை எடுத்துக்கொண்டே, "சிவ கோத்திரம்னு வச்சுக்கலாம்" என்று மந்திரத்தைத் தொடங்கிவிட்டார். என் பிள்ளையின் நட்சத்திரம் சுவாதி என்று எனக்கே அன்றுதான் தெரியும். பேரும் நட்சத்திரமும் சொல்லிச் சனீஸ்வரனிடம் பிடித்துக் கொடுக்கிறார்கள் என்றால் அது செய்வினை இல்லாமல் வேறு என்ன? வெளியே வந்து பஸ் ஏறினால், ஏற்கெனவே அதில் உட்கார்ந்திருந்த நம் பங்குக் கோயில் அமலராணி டீச்சர் என் தலைத் துண்டையும் அதில் ஒட்டியிருந்த எள்ளையும் பார்த்துவிட்டது. ஞாயிறு பூசை முடிந்ததும் சாமியார், "மரியமுத்து, மனசுல ஏதாவது கஷ்டமா?" என்று தோளில் கை வைத்துக் கேட்டார். சலோமி இன்றுவரை எனக்குச் சோற்றைத் தட்டில் வைக்கிறாள், பேச்சு வைப்பதில்லை.

ஆகையால் தங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது என்னவென்றால், ஆபீசரை எப்படியாவது இந்த ஞாயிறு வரவிடாமல் செய்யுங்கள். காரைக்காலில் வெள்ளம் என்று சொல்லுங்கள், கோர்ட் மூழ்கிவிட்டது என்று சொல்லுங்கள், எதையாவது சொல்லுங்கள். அவர் வந்து சுவாமிநாதன் கண்ணை மூடிக்கொண்டு போடுவதைப் பார்த்துவிட்டால் நம் பையன் கதை முடிந்தது. அதோடு, இது தற்செயல் இல்லை, நெல் தூவிச் செய்த சதி என்பதையும் அவர் காதில் போடுங்கள். அத்தாட்சிக்கு இத்துடன் ஐந்தாறு நெல் வைத்திருக்கிறேன். தாங்கள் மண்ணில் புரண்டு வளர்ந்தவர், பார்த்த மாத்திரத்தில் இது யார் வயல் நெல் என்று சொல்லிவிடுவீர்கள்.

சேசுநாதருடைய திருஇருதயம் தங்கள் இல்லத்துக்குக் காவலாக இருப்பதாக. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு நெற்றியில் சிலுவை போட்டு என் ஆசீர்வாதம். யாரையும் நம்பாமல் சுகமாக இருக்கவும்.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனன்,
மரியமுத்து

பின்குறிப்பு: இன்று புதன்கிழமை. தபால்காரர் உறையைப் பிரித்துப் படித்துவிடுவாரோ என்ற சந்தேகத்தில் இரண்டு நாளாக இதைப் போடாமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். அந்தச் சந்தேகம் நல்லதாகப் போயிற்று. நேற்று நீலாயதாட்சி அம்மாள் ஒரு பை பச்சரிசியோடு நம் வீட்டுக்கு வந்தது. பெலிக்ஸுக்குக் கஞ்சி வைக்கவாம். "எப்புடியாவது உங்க புள்ள எந்திரிச்சுரணும் அண்ணாச்சி. எம்புள்ளைக்கு ஊரு பாக்க வெளையாடுறதுன்னா கொலநடுக்கம். ஒரு வாரமா சோறு எறங்கல, வாந்தியா எடுக்கிறான். அதான் தம்பி பேருல வெளக்கு போட்டேன்" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டது. நான் நம்பவில்லை. பேசவிட்டுப் பிடிக்கலாம் என்று எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அந்த அம்மாளுக்குக் காப்பி போட சலோமி அடுப்பைப் பற்றவைக்கப் போனவள், மாடத்திலிருந்த தீப்பெட்டியை எடுத்துத் திறந்துவிட்டாள். குச்சிக்குப் பதிலாக நெல் கொட்டியது. இரண்டு நாள் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்: "ஏங்க, நம்ம நெல்ல எதுக்குத் தீப்பெட்டியில போட்டு வச்சிருக்கீங்க?"

இந்த வருஷம் விதைநெல்லை நான்தான் வாங்கினேன். தங்கள் தங்கை வேண்டாம் என்று தலைபாடாக அடித்துக்கொண்டாள். கருப்பையனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "காலேஜில பந்து போடுற எடந்தாங்கய்யா. நம்ம களத்துல ஏது அப்புடி ஒரு தரை? வாட்ச்மேனு எம் மச்சான்தாங்க. எல்லாத்தையும் கூட்டி அள்ளிட்டேன், வெடிப்புல கொஞ்சம் நின்னுருக்கும்" என்றான். பிறகு, "மூட்டையத் தூக்கி வண்டியில வச்சதே நம்ம தம்பிதாங்கய்யா. ஒத்தாசையா இருந்துச்சு" என்றான். நான் பெலிக்ஸிடம் போனேன். அவன் படுத்தபடியே விட்டத்தைப் பார்த்துச் சொன்னான்: "நீங்க ஆளத் தேடிக்கிட்டு அலையிற வரைக்கும் தெம்பா இருந்தீங்கப்பா. உங்க நெல்லுதான்னு தெரிஞ்சா படுத்துருவீங்க." அவன் காலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிடித்தது இடது கால் என்று அவன்தான் சொன்னான்.

ஆபீசரை அவசியம் அழைத்து வாருங்கள். வைத்தியர் இன்னும் மூன்று வாரம் கால் ஊன்றக்கூடாது என்கிறார், ஆகவே பெலிக்ஸ் நாற்காலியில்தான் இருப்பான். அவர் சுவாமிநாதனைப் பார்க்கட்டும். பெலிக்ஸ் இரண்டு நாளாகக் கட்டிலிலேயே உட்கார்ந்து அவனுக்குப் பந்து போடச் சொல்லித் தருகிறான், பையனுக்குச் சோறும் இறங்குகிறது. அவனுக்கு அந்த இடம் கிடைத்தால் எனக்கு வயிறு எரியும், பொய் சொல்லமாட்டேன், ஆனாலும் அழைத்து வாருங்கள். அந்த ஐந்தாறு நெல்லை உறையிலிருந்து எடுத்துவிட்டேன். அது யார் வயல் என்று தாங்கள் ஆராய வேண்டாம்.

கோர்ட்டில் இனி யாரும் வழுக்கி விழக்கூடாது என்று இன்று விடியற்காலையில் நானே துடைப்பத்தோடு போய், ஒவ்வொரு வெடிப்பாகக் குச்சி விட்டு நோண்டிக் கூட்டினேன். நிமிர்ந்து பார்த்தால் வாசலில் தெட்சிணாமூர்த்தி மாஸ்டர் நிற்கிறார். பைனலுக்கு நாலு நாள் இருக்கும்போது, ஆளில்லாத நேரத்தில், ரிங்குக்கு நேர் கீழே எனக்கு என்ன வேலை என்று கேட்டார். மச்சான், அந்த மனுஷன் என்னை ஏன் அப்படிப் பார்த்தார் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.